இடித்த காரிலேயே

2017 பிப்ரவரி 8, புதன்கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் வந்தது, தொட்டியை நிறைத்தேன். இட்லி, தேங்காய்ச் சட்னி. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் காரைத் துடைத்தார். முன்விளக்கு உடைந்திருந்த பக்கம் மட்டும் துணி போகவில்லை.

அது எங்கள் முதல் கார். பழையதாக வாங்கிய வெள்ளைக் கார். ஏசி போட்டால் மேடு ஏறத் திணறும் என்பதால் கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் ஊட்டிக்குப் போவோம். குன்னூர் தாண்டியதும் தைல மர வாசனை உள்ளே வரும். இப்போது மகன் வாங்கித் தந்த பெரிய காரில் யாரும் கண்ணாடியை இறக்குவதில்லை.

அந்தப் புதன்கிழமைக்குப் பத்து நாள் முன்புதான் விபத்து. துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து எங்கள் வீதிக்குத் திரும்பும்போது, எதிரே மொபெட்டில் வந்தவரைப் பார்க்காமல் இவர் இடித்துவிட்டார். அவர் இரும்பு கடையும் லேத் பட்டறையில் வேலை செய்பவர். கால் எலும்பு முறிந்து கீழே கிடந்தவர், "நானுந்தானுங்க வேகமா வந்துபோட்டேன்" என்றார். இல்லைங்க, தப்பு என்னுதுதான் என்று இவர். ஆட்டோ வரும்வரை இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது, எங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று, வண்டி சறுக்கித் தானே விழுந்ததாக அவர் சொல்லிவிட்டார். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

பிறகுதான் டாக்டர், இனி பல மாதம் லேத் முன்னால் நிற்க முடியாது என்றார். நின்றால்தான் அவருக்குச் சம்பளம்.

புதன்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு வக்கீலிடம் பாலிசியைக் கொண்டுபோய்க் காட்டினோம். வருடம் தவறாமல் புதுப்பித்தோமே தவிர, ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அதில் ஒரு பகுதி எங்கள் காரின் சேதத்துக்கு. இன்னொன்று எங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இரண்டாவதைத்தான் என்றார். காயம்பட்டவர் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். ஆனால் எங்கள்மேல் போலீஸில் புகார் இருக்க வேண்டும். தானே விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதியது அவருக்கு எதிராக நிற்கும். நாள் போகப் போகக் கம்பெனிக்காரர்கள் சந்தேகப்படுவார்கள். ஓட்டியவரே ஸ்டேஷனில் வந்து உண்மையைச் சொன்னால் பலம். இவருக்கு அபராதம் வரலாம், லைசென்ஸையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம் என்று வக்கீல் மறைக்காமல் சொன்னார்.

இவர் பாலிசியை மடித்துக்கொண்டு எழுந்தார்.

சாயந்திரம் அடிபட்டவர் வீட்டுக்குப் போனோம். கட்டிலில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் மறுத்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, ஊட்டுக்கு வந்து காப்பி குடிக்கறவிங்க மேல கேஸ் குடுக்கறதுங்களா?"

காப்பி டம்ளரோடு வந்த அவர் மனைவி என்னிடம், "காரு வந்து இடிக்கறப்பவும் இவரு கையெடுத்துக் கும்புட்டிருப்பாருங்கக்கா" என்றார். சொல்லும்போது அந்த அம்மா சிரிக்கவில்லை. பட்டறையில் வேறு ஆள் போட்டுவிட்டார்களாம்.

பணம் எங்கள் கையிலிருந்து போகாது, இதற்காகத்தான் வருடாவருடம் கட்டியிருக்கிறோம் என்று நான் எடுத்துச் சொன்னேன். கட்டிலில் இருந்தவர் மாட்டேன் என்று தலையைத் தலையை ஆட்டினார். பணத்துக்கில்லீங்க, அண்ணன் போலீஸ் ஸ்டேஷன் வாசப்படி ஏறணுமே என்றார்.

இவர் டம்ளரை எடுக்காமல் சொன்னார்: "நீங்க வந்து புகார் குடுத்தாத்தான் இந்தக் காப்பியக் குடிப்பனுங்க. இல்லீன்னா நானே போயி என்மேல குடுத்துக்குவேன்."

காப்பியில் ஆடை படிந்தது. "ஆறுதுங்கண்ணா, குடிங்க," என்றார் அவர் கடைசியில். "வாரேன்."

நடக்க முடியாதவர் ஸ்டேஷனுக்கு எப்படி வருவார் என்று திரும்பும் வழியில்தான் எனக்குத் தோன்றியது. இவரிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் இவர் துணியை எடுக்கவில்லை. முதல் வேலையாகக் காரின் முன்கதவைத் திறந்து, கட்டுப்போட்ட கால் நீட்ட இடம் இருக்கும்படி, பக்கத்து சீட்டை முடிந்தமட்டும் பின்னுக்குத் தள்ளினார்.