டோரீனின் பக்கம்

லைன்ஸ்மேனின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் டோரீன் அக்ராய்ட் கால்பந்தாட்டம் பார்ப்பதில்லை. அந்தப் பையன் கொடியும் கையுமாக ஓடி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போது கம்பியருகே போய் நின்று புதினா மிட்டாய் ஒன்றை நீட்டுவார். "உன் பேரென்ன கண்ணு?" பையனும் சிரித்த முகமாகப் பெயரைச் சொல்லிவிட்டு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்கக் கேட்கும். "ஏய் ஆட்ரியன்! கையில இருக்கறது கொடியா, கைக்குட்டையா? தூக்குடா மேல!" பெயர் தெரியாதவனைத் திட்டினால் திட்டு காற்றோடு போய்விடும் என்பது டோரீனின் கட்சி.

அந்தக் குரல் நீச்சல் குளத்தில் வளர்ந்த குரல். பிராக்கன்ஷா ஊர்க் குளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் அதட்டலுக்குப் பயந்தே மிதக்கக் கற்றவர்கள். எங்கள் அணியின் வலது பின்வரிசை ஆட்டக்காரன் கீரனும் அதில் ஒருவன். இப்போது அவன் ஆறடி உயரம், வாரம் முழுக்க வீடுகளுக்குக் கூரை வேய்கிறான். பந்தை விட்டுவிட்டு ஒதுங்கினால் டோரீன் விடமாட்டார். "கீரன்! அன்னைக்குத் தண்ணியப் பார்த்து ஓடுன, இன்னைக்குப் பந்தப் பார்த்து ஓடுற!" அவன் காது சிவப்பது டீக்கடை ஜன்னலில் இருக்கும் எனக்கே தெரியும்.

என் ஜன்னல் நடுக்கோட்டுக்கு நேர் எதிரே, பார்வையாளர் ஸ்டாண்டின் ஓரத்தில் இருக்கிறது. டீ, மாட்டிறைச்சிச் சாறு, பட்டாணிக் கூழோடு இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி. பதினெட்டு வருஷமாக இதே ஜன்னல். ஆட்டத்தை முழுதாகப் பார்த்ததில்லை, ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

டோரீனும் நெவிலும் கணவன் மனைவியாக இருந்தவர்கள். பிரிந்தபோது வீடு நெவிலுக்குப் போனது, நாய் டோரீனுக்கு வந்தது. மைதானத்தை எந்த வக்கீலும் பிரித்துக் கொடுக்கவில்லை, அவர்களே பிரித்துக்கொண்டார்கள். ஸ்டாண்ட் பக்கம் நெவிலுடையது. எதிர்ப்புறம் புல் மேடு, அது டோரீனுடையது. எங்கள் ஊரில் நம் ஆட்கள் எந்தக் கோலை நோக்கி ஆடுகிறார்களோ அதன் பின்னால்தான் நிற்போம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது கூட்டமும் மைதானத்தைச் சுற்றி நடந்து மறுமுனைக்குப் போகும். ஒரே கோலுக்குப் பின்னால் இவர் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. இடைவேளை விசில் ஊதியதும் நெவில் ஸ்டாண்ட் வழியாகவும் டோரீன் மேட்டு வழியாகவும் போய், மறுமுனையில் மறுபடி ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். பிரிந்த பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

காரணத்தை டோரீனே ஒருமுறை என் ஜன்னலில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"எங்கம்மாவ அடக்கம் பண்ணுன அன்னைக்கு அந்த ஆளு மேட்சுக்குப் போனான் கண்ணு. கோப்பை ஆட்டமாம். போனதக்கூட மன்னிச்சிருப்பேன். சாயங்காலம் ஜெயிச்ச முகத்தோட வந்து எழவு வீட்டு வாசல்ல நின்னான் பாரு, அதான் முடியல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஸ்கோர் என்னன்னு கேட்டேன். கேட்டுட்டேனேன்னு எனக்கே வெக்கமா போச்சு. அப்புறம்தான் துணிப் பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்புனேன்."

சில வருஷங்களுக்கு முன் டோரீன் கடலோரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோனார். அங்கிருந்து இரண்டு ரயில் மாறி வரவேண்டும். சொந்த மைதானத்தில் ஆட்டம் என்றால் மழையானாலும் வந்துவிடுவார். போன இலையுதிர் காலத்தில் இடுப்பு எலும்பு மாற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. குளிர்காலம் முழுக்க அவரைக் காணவில்லை. நெவில் ஜனவரியில் ஒருநாள் டீ வாங்க வந்தவர், கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: "மேட்டுப் பக்கம் சத்தமே இல்ல. லைன்ஸ்மேனுங்களுக்கு நல்ல காலம்."

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம்," என்றேன்.

"நான் லைன்ஸ்மேனுங்களப் பத்திச் சொன்னேன்," என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு டோரீன் வந்தார். தோற்காமல் இருந்தால் இதே பிரிவில் தங்கலாம், தோற்றால் ஒரு படி கீழே. ஏற்கெனவே எங்களுக்குக் கீழே அதிகப் படிகள் இல்லை. கைத்தடியோடு வாசலில் நுழைந்தவரைச் சுற்றி ஒரு கூட்டம்.

"புது இடுப்பு எப்படி இருக்கு டோரீன்?"

"என் உடம்புலயே இளசு இப்ப அதுதான். மத்ததெல்லாம் பொறாமையில வலிக்குது."

மிட்டாய் கொடுத்தார். பெயர் கேட்டார். தன் மூலையில் போய் நின்றார். முதல் பாதியில் இரு அணியும் கோல் போடவில்லை. கீரன் மட்டும் இரண்டு முறை ஏச்சு வாங்கினான்.

இடைவேளை விசில் ஊதியது. டோரீன் பழக்கப்படி மேட்டுப் பக்கம் திரும்பினார். அங்கே கயிறு கட்டியிருந்தது. பிப்ரவரி மழையில் மேடு சரிந்து பாதையை மூடிவிட்டது. அதிலிருந்து எல்லாரும் ஸ்டாண்ட் வழியாகத்தான் போய்வந்தோம். அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கயிற்றருகே கொஞ்சநேரம் நின்றார். பிறகு தடியை ஊன்றி, பல வருஷங்களில் முதல் முறையாக நெவிலின் பக்கத்துக்குள் நடந்து வந்தார்.

அந்தப் பாதை குறுகல். கூட்டம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அவசரப்பட்டார்; புது இடுப்பு அவசரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் ஜன்னலுக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதற்குள் அணிகள் திரும்பிவந்து இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. கூட்டத்தில் எல்லாரும் மறுமுனைக்குப் போயிருந்தார்கள்.

ஒருவரைத் தவிர. எப்போதும் முதல் ஆளாகப் போய்ச் சேரும் நெவில், டோரீனுக்குப் பத்தடி முன்னால் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

டோரீன் மூச்சு வாங்கியபடி அவரைப் பார்த்தார். "அது ஒட்டுற பட்டை பூட்ஸு நெவில். கயிறே கிடையாது."

நெவில் நிமிர்ந்தார். "பட்டையும் லூசாகும்."

"ஆகும் ஆகும்."

"உக்காரணுமா?"

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. நீ போ. உன் கூட்டம் தேடும்."

அவர் போகவில்லை. வந்து பக்கத்தில் நின்றார், நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு. நடுக்கோட்டில் நிற்பது வெளியூர்க்காரர்களின் வழக்கம். எந்தக் கோலும் சொந்தமில்லாதவர்கள்தான் அங்கே நிற்பார்கள். இரண்டு பேரும் அங்கேயே நின்று பார்த்தார்கள். நான் ஒரு டீயை டோரீன் கையில் கொடுத்தேன். தூறல் ஆரம்பித்தது.

எதிரணி ஹெப்ளி ரேஞ்சர்ஸ் ஒரு கோல் போட்டது. கீரன் காலில் பட்டுத் திரும்பி உள்ளே போன பந்து. டோரீன் வாயைத் திறந்தார். நம் கோலுக்கு முன்னால் கீரன் முழங்காலில் உட்கார்ந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எந்திரி கண்ணு!" என்று கத்தினார். "இன்னும் நேரம் இருக்கு! எந்திரி!" அவர் அவனைக் கண்ணு என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவன் எழுந்தான்.

கடைசியில் நம் ஆட்கள் முட்டி மோதினார்கள். பந்து எதிரணிக்காரன் மேல் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது; மூலையிலிருந்து உதைக்க நமக்கொரு வாய்ப்பு. கார்னர். எங்கள் கோல்கீப்பர்கூட முன்னே ஓடினான். அந்த நேரம் பார்த்து நெவில், மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"உங்கம்மா அடக்கத்துக்கு நான் வந்திருக்கணும் டோரீன்."

"கார்னர் நெவில்."

"தெரியுது. அன்னைக்கே சொல்லியிருக்கணும், ஆனா நான்—"

"கார்னர்னு சொல்றேன்ல! அப்புறம் சொல்லு!"

பந்து உயர்ந்து வந்தது. கீரன்தான் எல்லார் தலைக்கும் மேலே எழும்பினான். அவன் முட்டிய பந்து மேல்கம்பத்தில் மோதிய சத்தம் எங்களுக்கே கேட்டது. அங்கிருந்து அது மைதானத்து மதிலுக்கு மேலே போய்த் தெருவில் விழுந்தது. நடுவர் வேறு பந்து கேட்டு வாங்கி ஆட்டத்தைத் தொடங்கினார், உடனே முடித்தும்விட்டார்.

ஒரு பிரிவு கீழே இறங்கிவிட்டோம். மறுமுனையில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் கைதட்டினார்கள். பிறகு தலையைக் குனிந்தபடி எங்களைத் தாண்டி வாசலுக்குப் போனார்கள். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்த சிலர் நின்றார்கள். ஒருவன் என்னிடம் கண்ணால் கேட்டான். நான் ஜன்னல் பலகையைத் துடைத்தேன்.

"என்னமோ சொல்ல வந்தியே," என்றார் டோரீன்.

"ஒண்ணுமில்ல. விடு."

"காதுல விழுந்துச்சு."

"விழுந்துச்சா?"

"கார்னர் எடுக்கறப்ப எனக்குக் காது அடைக்கிறதில்ல நெவில்."

அவர் தலையாட்டினார். ஆட்டக்காரர்கள் போன வெற்று மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி முழுக்க மழைத்துளி; அதன் வழியே எதுவும் தெரிந்திருக்காது. டோரீன் தடியைக் கம்பியில் மாட்டினார். கையை நீட்டி அந்தக் கண்ணாடியைக் கழற்றினார். தன் கழுத்துத் துணியின் நனையாத முனையைத் தேடி எடுத்து, இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை துடைத்தார். நெவில் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியை டோரீனே அவர் முகத்தில் மாட்டிவிட்டார்.