திருப்பி மாட்டிய லாக்

பைக் மெக்கானிக்குக் கடுகு என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. கொஞ்சம் சூடு ஏறினால் போதும், வெடிப்பார். செயினைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவிவிட்டு வருகிறவனைக் கண்டால் வெடிப்பார். தண்ணீர் பீய்ச்சி அடித்து ஈரத்தோடு எண்ணெய் விடுகிறவனைக் கண்டாலும் அதேதான். இருபது வருடத்தில் அவரிடம் திட்டு வாங்காத வாடிக்கையாளர் கிடையாது. ஆனாலும் வேறு கடைக்கு யாரும் போய்விடவில்லை. காரணம் அவருடைய மனைவி. செயினை மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டு, கண்ணி கண்ணியாக பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவைத்த பிறகுதான் எண்ணெய்ச் சொட்டு விடுவாள். அவள் துடைத்த செயினை வெள்ளைத் துணியில் சுற்றி வைக்கலாம்.

அன்று காலை, கடைகளுக்கு முட்டை போடுகிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கால்சட்டையில் முழங்கால் வரை மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது.

"போன வாரம்தானே அண்ணே செயினைக் கழட்டி சுத்தம் பண்ணிக் குடுத்தீங்க? இறக்கத்துல செயின் சிக்கி பின்சக்கரம் அப்படியே நின்னுடுச்சு. பின்னால லாரி வந்திருந்தா என்னையும் முட்டையோட சேர்த்து வழிச்சுத்தான் எடுத்திருக்கணும்."

கடுகு குனிந்து செயின் கவரின் ஓட்டை வழியாகப் பார்த்தார். செயினின் இரண்டு முனையையும் பிடித்து வைக்கிற லாக், மீன் மாதிரி ஒரு சின்னத் தகடு, பாதி கழன்று நின்றது. செயின் ஓடும்போது மீனின் தலைதான் முன்னால் போக வேண்டும், பிளந்த வால் பின்னால் வர வேண்டும். இது திரும்பிக் கிடந்தது. கவரில் உரசி உரசியே நழுவியிருக்கிறது.

"ஏய், கண்ணை எங்க வச்சுக்கிட்டு மாட்டினே?"

"நான் மாட்டினேன்னு யாரு சொன்னது?" என்றாள் மனைவி. கையில் இருந்த பிரஷ் நிற்கவில்லை.

"செயின் வேலை உன்னோடதுதானே? மனுஷன் செத்திருப்பார். இனிமே லாக்கைத் தொடாதே, சொல்லிட்டேன்."

இப்போது பிரஷ் நின்றது. "கவரைக் கழட்டுங்க. உள்ள என் ரேகை இருந்தா, லாக்கை மட்டுமில்ல, இந்தக் கடையையே தொடமாட்டேன். உங்களோடதா இருந்தா, எனக்கில்ல, அவருக்குப் பதில் சொல்லுங்க."

இதே போன்ற பழைய சண்டை ஒன்றுக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. லாக்கை மாட்டியவர் கட்டைவிரலைச் சிவப்புப் பெயிண்டில் தொட்டு, கவரின் உள்பக்கம் ஒற்றிவிட வேண்டும்.

கடுகு ஸ்பேனரை எடுத்தார். முதல் போல்ட்டைத் திட்டிக்கொண்டே கழற்றினார். இரண்டாவதையும் அப்படித்தான். மூன்றாவதில்தான் உறைத்தது: அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அவள் ரேகையாக இருந்தால் நாளைக்கு இந்தத் தட்டுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த நினைப்பு கோபத்தை இன்னும் கிளப்பியது. கவரைப் பிடுங்கி எடுத்தார்.

சிவப்பு ரேகை. நடுவில் குறுக்காகப் பெயிண்ட் படாத ஒரு கோடு. பல்சக்கரம் கிழித்த தழும்பு, அவருடைய விரலில்.

போன வாரத்து அந்த நாள் நினைவுக்கு வந்தது. யாரோ ஒருவனைத் திட்டிக்கொண்டே லாக்கைக் கையில் எடுத்திருந்தார். "சக்கரத்தைச் சுத்தி அந்தக் கண்ணியை மேல கொண்டுவந்து மாட்டுங்க. கீழ செயின் பின்பக்கமா ஓடும்" என்றாள் அவள். "எனக்கே பாடமா?" என்று கீழேயே வைத்து, கைப்பழக்கத்தில் தலையை முன்பக்கம் திருப்பி அழுத்தினார்.

ஸ்பேனர் பெட்டிக்குள் விழுந்த சத்தத்தில் முட்டைக்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

"என் கைதான்" என்றார் கடுகு, பல்லைக் கடித்துக்கொண்டு. "அவ சொன்னா. நான் கேக்கல."

"அப்ப அண்ணியே மாட்டட்டும். அதுவரைக்கும் நான் இங்கேயிருந்து நகரமாட்டேன்."

அவள் சக்கரத்தைச் சுற்றி, கண்ணியை மேலே கொண்டுவந்து, புது லாக்கை அழுத்தினாள். கவரில் தன் கட்டைவிரலை ஒற்றினாள்.

"உங்க ரேகையை அழிச்சுடவா?"

"கிடக்கட்டும்" என்றார். கோபம் இன்னும் இறங்கவில்லை. அடுத்த வண்டியின் செயினை அவரே தட்டில் போட்டு, அதை யார் மேலேயோ காட்டுகிற மாதிரி தேய்க்கத் தொடங்கினார்.