அசலும் ஒரிஜினலும்

என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கருமாதிக்கு வந்தவர்கள் அதைத்தான் பேசினார்கள். "நெஞ்சா அது, கருங்கல்லா?" என்று அவருடைய அத்தை கேட்டது அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். கோபம்கூட வரவில்லை. சீனி எல்லாருக்கும் பத்துமா என்று பார்த்தேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலேயே அக்கா வீட்டுக்குப் போவதாக முடிவு. பிளாட்டு, மூன்றாவது மாடி. சாமான்களைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். கிள்ளானில் இருக்கிற கொழுந்தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, அண்ணன் சைக்கிள நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க தம்பி."

வாய் சொல்லிவிட்டது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி இருந்தது.

அது அமெரிக்க சைக்கிள். இங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வந்த ஓர் அமெரிக்கர், ஊருக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரரிடம் விட்டுப்போனது. ஒல்லிச் சட்டம், மூன்று கியர், கரும்பச்சை பெயிண்ட். இங்கிலீஷ் சைக்கிள்களையே பார்த்துப் பழகின கண்ணுக்கு முதலில் வித்தியாசம் தெரியாது. இவர்தான் காட்டுவார். இங்கிலீஷ் சைக்கிளில் குழாய்கள் சேருமிடத்தில் சட்டைக் காலர் மாதிரி ஓர் உறை இருக்கும். இதில் அது கிடையாது. ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய் மரக்கிளை போல வழவழவென்று கிளம்பும். "தடவிப் பாரு, எங்கயாவது தட்டுதா?" என்பார்.

எனக்கு அந்த அழகெல்லாம் பிடிபடாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குத் தெரிந்தது பயம்தான். எது கழன்றால் ஆள் விழுவார், எது அறுந்தால் லோரிக்கு அடியில் போவார், அந்த வரிசையில்தான் அந்த சைக்கிளைக் கற்றேன். செந்தூலில் இருந்த ரயில் பட்டறைக்கு அவர் கிளம்புமுன் தொட்டுப் பார்ப்பேன். முதலில் முன் பிரேக், பிறகு பின் பிரேக், அப்புறம் சக்கரத்து நட்டு, கடைசியாக மிதி.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் இங்கிலீஷ் சைக்கிள் வைத்திருந்தார். மிதியைத் தாங்குகிற ஆணி நடுரோட்டில் கழன்று விழுந்து அவருக்குப் பல் போயிற்று. அன்றிலிருந்து நான் ஆணி ஆணி என்று அரிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் இவர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்.

"எங்க இருக்கு ஆணி? காட்டு பாப்போம்."

இல்லை. இந்த மிதியிலிருந்து அந்த மிதி வரை ஒரே இரும்பு. வளைத்து வளைத்துச் சட்டத்துக்குள் நுழைத்திருந்தார்கள்.

"ஆணியே இல்லாத சைக்கிள்ல ஆணி கழண்டுரும்னு பயப்படற பொம்பள மலேசியாவுலயே நீ ஒருத்திதான் லா."

இதிலும் பயப்பட ஒன்று கிடைத்தது. டயர். கடையில் விற்கிற டயரிலும் இதிலும் ஒரே நம்பர்தான் போட்டிருக்கும். ஆனால் ஏறாது. அமெரிக்க வளையம் ஒரு நூல் பெரிசு. ஒரு கடைக்காரர் நெம்பிப் பார்த்து டயரையே கிழித்துவிட்டார். டயருக்காக இவர் எங்கெங்கோ அலைவார், கிடைத்ததை உறவுக்காரரைக் கூட்டி வருவது போலக் கூட்டி வருவார்.

கடைசியில் அவர் சைக்கிளிலிருந்து விழவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அத்தனை நட்டையும் தொட்டுப் பார்த்தவளுக்கு நாற்காலியின் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பயமும் போய்விட்டது. மாதக்கணக்கில் அக்கா வீட்டில் சோறு வடித்தேன், துணி மடித்தேன், யாராவது பேசினால் பதில் சொன்னேன். மரப்பு ஊசி போட்ட கன்னம் மாதிரி, கடித்தாலும் வலிக்காது.

அப்போதுதான் கொழுந்தன் போன் பண்ணினார். பழைய சைக்கிள் சேர்க்கிற ஒரு சீனர், ரோட்டில் கொழுந்தன் அதில் போவதைப் பார்த்து வீடுவரை பின்னாலேயே வந்து விலைக்குக் கேட்டாராம். "உங்களக் கேக்காம குடுக்க மாட்டேன் அண்ணி. ஞாயித்துக்கிழம வர்றாரு. நீங்களும் வாங்க." வரேன் என்றேன். போனை வைத்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு ஒன்று வேண்டும் என்று. சைக்கிளைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். அது பக்கத்தில் இருந்தால் எனக்குள் ஏதாவது அசையும் என்று தோன்றியது. மூன்றாவது மாடி நடையில் அதை எங்கே சாய்க்கலாம் என்றுகூடப் பார்த்து வைத்தேன்.

கிள்ளானுக்கு பஸ்ஸில் போனேன். சைக்கிள் வாசலில் நின்றது. பளபளவென்று நின்றது.

"பாருங்க அண்ணி!" கொழுந்தன் முகம் முழுக்கச் சிரிப்பு. "டூப்ளிகேட் ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ஒரிஜினல்! ஜப்பான் சாமான். நம்பலேன்னா பெட்டி இருக்கு." உள்ளே ஓடி அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நீட்டினார். பெட்டியில் ஒட்டின சீட்டைக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்தார்.

அந்தச் சீன முதலாளி, தவுக்கே, கையில் சின்ன டார்ச் லைட்டோடு குந்தி உட்கார்ந்திருந்தார். வயதானவர். பெட்டிகளை அவர் பார்க்கவேயில்லை. முன் பிரேக்கில் வெளிச்சம் அடித்து என்னைக் கேட்டார், மலாயில்.

"இனி அசல் கா?" இது அசலா?

மலாய்க்காரர் அசலும் நம்ம அசலும் ஒன்றுதான். எனக்குப் புரிந்தது.

"புக்கான்," என்றேன். இல்லை.

பின் பிரேக்கைக் காட்டினார். புக்கான். கைப்பிடி லீவர். அதுவும் புக்கான். சக்கரம் இரண்டும் புக்கான். பின் சக்கரத்து நடுவில் கியர் இருக்கிற குடத்தின் மேல், செய்த வருஷமும் மாதமும் குத்தியிருக்கும். என் வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் அதைத் துணியால் தேய்ப்பார். தவுக்கேயின் வெளிச்சம் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. அங்கே ஜப்பான் பெயர் இருந்தது.

"பழையதெல்லாம் எங்க தம்பி?"

"டயர் கெடைக்கல அண்ணி. அதான் சக்கரத்தையே மாத்தினேன். சக்கரம் மாத்தினா பிரேக்கையும் மாத்திருன்னு கடைக்காரன் சொன்னான். அண்ணன் சைக்கிளாச்சே, மட்டமான சாமான் போடக் கூடாதுன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் குரல் இறங்கியது. "பழசு பூரா பழைய இரும்பு லோரிக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்."

வலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தவுக்கே இப்போது மிதியை டார்ச்சால் தட்டினார். ஒரே இரும்பு. "அசல்," என்றேன். சட்டம், அசல். ஹேண்டில்பார், முன்னால் இருந்த சின்னத் தகடு, அசல். அதோடு முடிந்தது.

தவுக்கே எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். இதே மாதிரி சக்கரம் தன்னிடம் இருக்கிறதாம், இதே வருஷம் குத்தினது. பிரேக்கும் இருக்கிறதாம். அவரிடம் கொடுத்தால் எல்லாவற்றையும் அசலாக்கிவிடுவார்.

செய்வார், சந்தேகமில்லை. அமெரிக்காவில் கடைக்கு வந்த முதல் நாள் மாதிரி நிற்கும், அது அவருடைய அசல். கொழுந்தனுக்குப் பெட்டியோடு வந்ததுதான் ஒரிஜினல். நான் கேட்டு வந்தது இந்த இரண்டும் இல்லை, தினமும் நான் தொட்டுப் பார்த்தது. அது லோரியில் போய்விட்டது.

"நான் இத எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன் தம்பி."

"எடுத்துக்குங்க அண்ணி." யோசிக்கவே இல்லை அவர். "நான் பஸ்ல வேலைக்குப் போயிக்கிறேன். இப்பவே கூட்டாளி வேன்ல ஏத்தி விடறேன்."

நான் முன் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். நன்றாகப் பிடித்தது. பழையதைவிட நன்றாகவே பிடித்தது. மிச்சமிருக்கிற பாதியை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், சுவரில் சாய்த்துவிட்டு, தினமும் அதன் முன்னால் துணி மடிக்கப் போகிறேனா?

தவுக்கேவுக்கு எங்கள் தமிழ் புரியவில்லை. யாரிடம் பேசுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். என்னைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார்.

"சியாபா பூஞா?" யாருடையது?

கொழுந்தன் என்னைப் பார்த்தார்.

"டியா பூஞா," அவருடையது, என்று கொழுந்தனைக் காட்டினேன். பிறகு அவரிடம் தமிழில் சொன்னேன்: "இனிமே அண்ணன் சைக்கிள்னு சொல்லாதீங்க தம்பி. உங்க சைக்கிள். விக்கிறதா வேணாமான்னு நீங்க சொல்லுங்க."

விற்கவில்லை என்று அவர் தலையை ஆட்டினார், அதோடு அழ ஆரம்பித்துவிட்டார். பெரிய ஆள், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர், வாசலில் நின்று சத்தமாக அழுதார். தவுக்கே டார்ச்சை அணைத்துவிட்டு, வேலியோரம் இருந்த பப்பாளி மரத்தைப் பார்க்கப் போனார். சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் அழுது முடிக்கிற வரைக்கும் நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.