இரண்டு மறுமொழிகள்

பல்கலைக்கழக வாசலிலிருந்து மூன்று பஸ் நிறுத்தங்கள் நடந்துவிட்டேன். பஸ் வந்து நின்றது, ஏறவில்லை. உள்ளே வகுப்புக்காரர் யாராவது இருப்பார்கள். பனி உருகிய சேறு சப்பாத்துக்குள் இறங்கியது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பத்தாம் வகுப்போடு நின்று, மூன்று நாடுகளில் பாத்திரம் கழுவி, நாற்பது வயதில் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்தவன் நான். பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களைச் சேர்க்கும் ஒரு வகுப்பில் இடம் கிடைத்தது. அதில் தேறினால்தான் பட்டப்படிப்பு. மாணவர்கள் ஒருவரோடொருவர் பேசவேண்டும் என்று ஆசிரியை ஒரு முறை வைத்திருந்தார். வாரம்தோறும் இணையப் பலகையில் சொந்த வாழ்க்கையைப் பற்றி ஒரு பதிவு. மற்றவர்களின் பதிவுகளுக்கு இரண்டு மறுமொழிகள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி.

இரண்டாம் வாரமே, வாசிக்காமல் புள்ளி எடுக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நானும் நாலு வசனங்களை ஃபோனில் எழுதிவைத்து மாறிமாறி ஒட்டினேன். ஒருவருடைய பதிவையும் வாசித்ததில்லை.

அன்று வகுப்பு முடிய, முன்வரிசையில் இருக்கும் பெண் என்னிடம் வந்தாள். கனடாவில் பிறந்த பிள்ளை.

"அங்கிள், என்ட போஸ்ட் வாசிச்சனீங்களா?"

"ஓம், வாசிச்சனான்."

"அப்பா ஐசியூவில. மூச்சு மெஷினை நிப்பாட்டட்டோ எண்டு டொக்டர்ஸ் கேட்டவை எண்டு எழுதினன். நீங்க 'சுவாரசியம், மேலும் எதிர்பார்க்கிறேன்' எண்டு போட்டிருக்கிறீங்கள். என்ன எதிர்பார்க்கிறீங்கள், அங்கிள்?"

வாசிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன். "சொரி, பிள்ளை" என்று மன்னிப்புக் கேட்டேன்.

"ஓகே. ஆனா உந்த சொரியை என்ட போஸ்டுக்குக் கீழ போடாதேங்கோ, ப்ளீஸ். போட்டதை எடுத்துவிடுங்கோ."

மாணவர்களால் எதையும் அழிக்க முடியாது. ஆசிரியையிடம் போனேன். அவர் கனிவாகத்தான் சொன்னார். அழித்தால் இந்த வாரப் புள்ளி போய்விடுமாம். ஏற்கெனவே இரண்டு வாரம் விட்டிருக்கிறேன். இதுவும் போனால் தேறமாட்டேனாம். அதைவிட, அந்தப் பெண்ணின் பதிவுக்குக் கீழே ஒரு மன்னிப்பு எழுதினால், அதையே இந்த வாரத்தின் இரண்டாவது மறுமொழியாக எடுத்துக்கொள்வாராம்.

அழிக்கச் சொன்னேன். திரையில் அது மறையும்வரை நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை, பக்கத்து அஜின்கோர்ட்டில் ஒரு மீன்கடையில் வேலைக்கு நின்றேன். முதலாளி பெட்டிகளைக் காட்டினார்.

"பழுதோ எண்டு ஒவ்வொண்டா செவுளைத் திறந்து பாக்கோணும், அண்ணை. பாக்காமல் ஐசில அடுக்கிற ஆள் எனக்கு வேண்டாம்."

கையுறை கேட்டேன். முடிந்துவிட்டது என்றார். வெறுங்கையோடு முதல் பெட்டியை உடைத்தேன்.