கார் வந்தால் ஒளிய வேண்டியவள்

ஒரு கையை முட்டியில் ஊன்றி ஊன்றி அவள் கம்பெனி கேட்டுக்குள் நடந்து வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இன்னொரு கையில் வீட்டிலிருந்து எடுத்துவந்த குட்டை முக்காலி. தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. பென்னலூர்ப் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில், வாஷர் ஓரத்துப் பிசிறைக் கத்தரிக்கோலால் நறுக்குகிற வேலை எங்களுக்கு. நாங்கள் நின்றுகொண்டு நறுக்குவோம். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போன அவள் உட்கார்ந்து நறுக்கினாள். சாயங்காலம் பார்த்தால் அவள் கூடைதான் முதலில் நிறைந்திருக்கும். என்னை அக்கா என்பாள். எனக்கு அவள் தங்கச்சி.

சூப்பர்வைசர் ஒரு நிபந்தனை போட்டுத்தான் அவளைச் சேர்த்தார். சரக்கு வாங்குகிறவர்கள் பார்வையிட வந்தால் அவள் அவர்கள் கண்ணில் படக்கூடாது. பட்டால் அன்றோடு வேலை இல்லை. கார் சத்தம் கேட்டதும் அவளை ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் உட்காரவைப்பது என் பொறுப்பு. அதை நான் தப்பென்று நினைக்கவில்லை, ஏதோ உபகாரம் என்றே நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. புது ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளுக்குத் துணை என்று சொல்லி நானும் உள்ளேயே உட்கார்ந்துவிடுவேன். இருவரும் வேர்க்கடலை தின்போம்.

"யக்கா, என் காலுதான் இப்டி. உனுக்கு ரெண்டும் நல்லா கீதே, நீ இன்னாத்துக்கு ஒளியற?" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவளும் அவள் அம்மாவும் அந்தச் சம்பளத்தில்தான் இருந்தார்கள். அதனால் நாலைந்து வருஷம் மறுபேச்சில்லாமல் என் பின்னால் வந்தாள்.

ஒருநாள் டீ நேரத்தில் பேப்பரை மடியில் விரித்துப் படித்தாள். உடம்பில் குறை உள்ளவர்களுக்கும் சம வாய்ப்பு, உரிமை உண்டென்று டெல்லியில் சட்டம் நிறைவேறிவிட்டதாம். ஐந்தாவது படித்த நானும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பாதி புரியவில்லை. அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அடுத்த முறை கார் வந்ததும் போய்த் தோளைத் தொட்டேன்.

"நான் வர்லக்கா. நீ போ."

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "இன்னாம்மா, எழுந்து போ!"

"சட்டம் வந்துகீது சார்."

"அது கவர்மெண்ட்டு வேலைக்கு. இது கம்பெனி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "இருக்கட்டும் சார். நான் ஒருத்தி கீறேன்னு தெரிஞ்சுதானே டெல்லியில எழுதிகீறாங்க? பென்னலூர்ல மட்டும் நான் ஏன் இல்லாத மாதிரி இருக்கணும்?"

பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். செருப்புச் சத்தம் நெருங்கியதும் என் கால்கள் பழக்கத்தில் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டன. கதவிடுக்கில் பார்த்தேன். வந்தவர்களில் ஒருவர் அவளருகே நின்றார். கூடையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து ஓரத்தை விரலால் தடவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கூடையிலேயே போட்டுவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான். இதற்காகவா அத்தனை வருஷம் அவளை ஒளித்துவைத்தோம்?

அப்போதெல்லாம் அவளை வாயில் வந்தபடி கூப்பிடுவார்கள். இப்போது மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அன்று நான் மட்டும் உட்கார்ந்திருந்த அறைதான் ஞாபகம் வருகிறது. கார் கிளம்பியதும் அவளே வந்து கதவைத் தட்டினாள்.

"வெளிய வாக்கா. உன்னியும் யாரும் துன்னுட மாட்டாங்க."