பத்து மணிக்குப் போன கரண்ட்

சனிக்கிழமை பஜனைக்கு வர்றவங்களுக்கு என்னைத் தெரியும். முன்வரிசையில உக்காந்து தாளத்தைத் தப்பாப் போடுற ஹேமா நான்தான். நம்ம பெருமாள் வரதர் எனக்குச் செஞ்ச உதவியை இத்தனை நாளா நான் வெளிய சொல்லல. ஏன்னா அதுல என் திருட்டுத்தனமும் இருக்குது.

டிப்ளமோ பார்மஸி ரெண்டாம் வருஷம் படிச்சுக்கினு இருந்தேன். மருந்தியல் நடத்துன மேடம் பிரசவத்துக்குப் போயிட்டாங்க. வேற ஆள் கிடைக்கல. இன்டர்நெட்ல பாடம் இருக்குது, கேட்டுக்குங்க, கடைசியில கம்ப்யூட்டர்லயே பரீட்சைன்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. அதுல தேறினாத்தான் வருஷப் பரீட்சை எழுத முடியும். ஏற்கெனவே ஒரு வருஷம் கோட்டை விட்டவ நான். இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பு போதும்னு அப்பா சொல்லியாச்சு.

எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஒரே சந்தோஷம், கேள்வி கேட்டு எழுப்பி நிக்க வைக்க ஆள் இல்லன்னு. எனக்குக் கட்டோட பிடிக்கல. மேடம் முகத்தைப் பார்த்தாத்தான் பயம் வரும், பயம் வந்தாத்தான் எனக்குப் படிப்பு வரும். அதுவும் பிரவுசிங் சென்டர்ல திரை போட்ட அறைக்குள்ள பொண்ணுங்க உக்கார்றதுன்னா கூச்சம் வேற.

பாடத்துக்குக் கீழ முப்பது பயிற்சிக் கேள்வி இருக்கும். பரீட்சைக்கும் அதேதான் வரும்னு சீனியருங்க சொன்னாங்க. நானும் என் சிநேகிதி சுமதியும் பாடத்தைக் கேக்கவே இல்ல. பி, டி, ஏ, ஏ, சின்னு விடை வரிசையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சோம். பிள்ளையார்பாளையத்துல எங்க வீட்டுத் தறிச் சத்தத்துக்கே அது தாளமாப் போச்சு.

வைகாசி கருட சேவை முடிஞ்ச மறு வாரம் பரீட்சை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தா, கேள்வி அதேதான், வரிசை மொத்தமா மாறிப் போயிருக்குது. அழுகை முட்டிக்கினு வந்துச்சு. கண்ணை மூடினேன். "வரதா, தப்பு என் மேலதான். ஒரே ஒரு வாய்ப்பு குடுப்பா."

கரண்ட் போச்சு.

எங்க பக்கம் மத்தியானம்தான் கரண்ட் எடுப்பாங்க. அன்னைக்குப் பத்து மணிக்கே போச்சு. காலேஜ் யூபிஎஸ் அஞ்சு நிமிஷத்துல கூவி அடங்கிருச்சு. பரீட்சையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சாங்க.

வெளிய வந்ததும் சுமதி, "வாப்பா, புதுசா ஏதாவது வழி பார்க்கலாம்"னா. "போடீ, கேட்டு வாங்கின வாரம் இது"ன்னேன். கோச்சுக்கினா. மறுநாள் அவளே பிரவுசிங் சென்டர் வாசல்ல வந்து நின்னா.

ஏழு நாளும் ஒரு ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதுல வெச்சுப் பாடம் கேட்டோம். புரியலன்னா திரும்பவும் ஓட விட்டோம். மேடம்கிட்ட ரெண்டாந்தரம் கேக்கக் கூச்சப்படுவேன். பெட்டிகிட்ட என்ன கூச்சம்? ஒரு பாடத்தை ஒன்பது தடவை கேட்டேன். ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரை பத்தின பாடம் அது. ரெண்டு பேருமே பாஸ்.

இப்போ மருந்துக் கடையில வேலை. போன தை மாசம் ஒருத்தர் சம்சாரத்துக்கு முட்டி வலின்னு மாத்திரை கேட்டார். எடுத்துட்டேன். கவர்ல போடப் போகும்போது, "வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"ன்னு கேட்டேன். இதய ஆபரேஷன் ஆனவங்க, ரத்தம் உறையாம இருக்கத் தினமும் மாத்திரை போடறாங்கன்னார். ரெண்டும் சேர்ந்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். ஒன்பது தடவை கேட்ட அதே பாடம். மாத்திரையைக் குடுக்காம டாக்டர்கிட்ட அனுப்பினேன்.

நான் பாஸாகத்தான் கேட்டேன். வரதர் யாருக்காகவோ குடுத்திருக்கார். நீங்களும் தயங்காம கேளுங்க. தப்பு பண்ணிட்டோமேன்னு ஒதுங்கி நிக்காதீங்க. கிடைச்ச நேரத்தை மட்டும் வீணாக்காதீங்க.

அந்த முட்டி வலி அம்மா இப்போ சனிக்கிழமை பஜனையில என் பக்கத்துலதான் உக்கார்றாங்க. தாளம் தப்பினா என் கையைத் தட்டுறாங்க.