புகைபோக்கியைப் பார்த்துக் கேட்டவன்

நான் கிராம சுகாதார நர்ஸ். தோவாளைக்கு அப்பால் என் பொறுப்பில் இருக்கும் ஊர்களில் நாலைந்து செங்கல் சூளைகள் உண்டு. கல் அறுக்கப் பீகாரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தகரக் கொட்டகைகளில் தங்குவார்கள். அங்குள்ள கர்ப்பிணிகளைப் பார்க்க மாதாமாதம் ஸ்கூட்டியில் போய் வயிறு நிறையப் புழுதி தின்றுவிட்டு வருவேன்.

அதில் ஒரு சூளையில் மட்டும் எனக்குக் கவலையில்லை என்று நினைத்திருந்தேன். அங்கே தமிழ் தெரிந்த ஒருவன் இருந்தான். பல வருஷமாக இங்கேயே கிடப்பதால் எங்கள் ஊர் ராகம் அவனுக்கு அப்படியே வந்துவிட்டது. "நர்ஸக்கா, கட்டஞ்சாயா குடிக்கியளா?" என்று அவன் கேட்டால் வெளியூர்க்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. அவனுடைய தம்பி மனைவிதான் எட்டு மாதக் கர்ப்பிணி. தம்பிக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. அதனால் என் கேள்விகள் எல்லாம் அண்ணன் வழியாகத்தான் போகும்.

அந்தப் பெண் சேலைத் தலைப்பை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பிரஷர் பார்ப்பேன், வயிறு பார்ப்பேன், சத்து மாத்திரை கொடுப்பேன். ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவன் இந்தியில் ஏதோ சொல்வான். தலைப்புக்குள் தலை அசையும். "ஒரு குழப்பமும் இல்லக்கா, நல்லா இருக்கா" என்பான். முகத்தைக் காட்ட இவளுக்கு என்ன கேடு என்று எனக்கு எரிச்சல்கூட வந்திருக்கிறது.

அன்றைக்கு என் அக்காவும் என்னோடு வந்தாள். குவைத்தில் பல வருஷம் வீட்டு வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவள். வாயைத் திறந்தால் குவைத்து. அங்கே ஏசி, அங்கே ரோடு, அங்கே பேரீச்சம்பழம் என்று என் உயிரை வாங்குவாள். சர்ச் கல்யாணத்துக்குப் பூ வாங்கத் தோவாளைச் சந்தைக்குப் போக வேண்டும் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். போகிற வழியில் சூளையில் நிறுத்தினேன்.

"தலைவலி உண்டா, கண் மங்குதா, ரத்தம் பட்டுதா, பிள்ளை அசையுதா? எல்லாம் கேளு" என்றேன். அவன் சூளையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு ஏதோ கேட்டான். தலைப்பு அசைந்தது. அக்கா குபீரென்று சிரித்தாள்.

"ஏட்டி, நீ என்ன கேட்ட, இவன் என்ன கேக்கான் தெரியுமா? சாப்பிட்டாச்சான்னு கேக்கான்!"

நான் அவனைப் பார்த்தேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "தம்பி பெண்டாட்டிலாக்கா. எங்க ஊர்ல நான் அவ முகத்தப் பாக்கக்கூடாது, அவளும் எங்கிட்ட பேசக்கூடாது. ரத்தம் படுதான்னு நான் எப்பிடிக்கா கேப்பேன்?"

இத்தனை மாதமும் நான் கேட்டதெல்லாம் "சாப்பிட்டாச்சா" ஆகித்தான் அவளிடம் போயிருக்கிறது. அதற்கு அவள் ஒழுங்காகத் தலையாட்டியிருக்கிறாள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்குக் கொடுக்கிற அதே மாத்திரை, அதே ஊசி அவளுக்கும் கிடைத்தது. கேள்வி மட்டும் கிடைக்கவில்லை. அவன்மேல் கோபம் வந்தது. ஆனால் சங்கடத்தில் நெளிந்துகொண்டு நின்றவனை எப்படித் திட்டுவது?

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "நீ போய்ச் சூளையப் பாரு மக்கா" என்று அவனை அனுப்பிவிட்டுத் தரையில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவின் இந்தி, குவைத்து டிரைவர்களிடமும் சமையல்காரர்களிடமும் பொறுக்கியது. இலக்கணம் கிலக்கணம் எதுவும் கிடையாது. அது போதுமாக இருந்தது. தலைப்பு விலகியது. இருபது வயதிருக்கும். வீங்கிய முகம். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை.

கொஞ்ச நாளாகத் தலை வெடிக்கிறதாம். கண் முன்னால் பூச்சி பறக்கிறதாம். முதல் பிள்ளை ஊரில், வீட்டிலேயே, இவளுக்கு வலிப்பு வந்து பிறந்து அன்றைக்கே போய்விட்டதாம். போன மாதம் எல்லையோரத்தில் நின்ற பிரஷர், இப்போது பார்த்தால் எகிறியிருந்தது. உடனே 108க்குப் போன் போட்டேன். பூச்சந்தையை மறந்து அக்காவும் ஆம்புலன்ஸில் ஏறினாள்.

நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. தம்பியும் அண்ணனும் வெளியே மரத்தடியில் நின்றார்கள். பிரசவ வார்டு வராந்தாவில் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அங்க எனக்கு ஒருக்கா பெரும்பாடு வந்து ரத்தம் நிக்காம போச்சு பாத்துக்கோ. வீட்டு முதலாளிதான் டாக்டர்கிட்ட பேசினாரு. அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. நான் வாயே தொறக்கல."

அக்கா இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பாசத்தோடு அவளைப் பிடித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

பெண் பிள்ளை. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிரஷர் இறங்கித் தாய் பேசும் நிலைக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, இது பிழைக்குமா என்பதுதான். டாக்டரம்மா பிழைத்துவிடும் என்றார். அக்கா அதை இந்தியில் சொன்னாள். அவள் நம்பவில்லை. திரும்பவும் கேட்டாள். அக்கா திரும்பவும் சொன்னாள். பிறகு அவள் அக்காவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, அதே கேள்வியை என்னிடம் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த மொழியில்தான் நான் சொன்னேன். "பொழச்சிரும் மக்கா."

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் கண்ணை மூடித் தூங்கினாள்.